எழுத்துக் கடன்

மக்கள் வாழ்வில் ஐயத்துக்குச் சிறிதும் இடமில்லாதது ஒன்று உண்டெனின் அஃது இறப்பேயாம். பிறந்தார் எல்லாரும் ஒருநாள் இறப்பர் என்பது கல்லாதாரும் அறிந்த செய்தி. ஆயினும், இறந்தார் ஒருவர் இறந்தார் என்பதை எழுத்தில் நிறுத்துவதில் நம்மவர் காட்டும் சோர்வு வியப்புக்குரியது. நீராட்டவும், மாலை சூட்டவும், பந்தல் இடவும், உறவினர்க்குச் செய்தி சொல்லவும் எவரும் ஏவாமலே விரையும் கைகள், பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு தாளை எடுத்துச் செல்லத் தயங்குகின்றன. எடுத்துச் செல்லும் கைகளும், இறந்தவரால் நிலமோ பணமோ வந்து சேரவேண்டியிருந்தால் மட்டுமே பெரும்பாலும் எடுத்துச் செல்கின்றன. இறப்பைப் பதிவு செய்தல் உடைமை கருதிச் செய்யும் அலுவல் அன்று. இறந்தார்க்கு இருப்போர் ஆற்றவேண்டிய கடன்களுள் ஒன்று. அதிலும், ஒன்றும் விட்டுச் செல்லாதார்க்கே அக்கடனை முதற்கண் ஆற்றுதல் வேண்டும். இதுவே யான் ஈண்டு வலியுறுத்த விரும்புவது.

இறந்தாரை எழுத்தில் நிறுத்தும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. போரில் பட்ட வீரர்க்குக் கல் நடும் முறைமையைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் எடுத்தோதுகின்றார். 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறிக்கப்பெற்றவை. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொன்மை உடையன என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆநிரை கவர்தல் பற்றி எழுந்த பூசலில் வீழ்ந்தான் ஒருவனைப் பற்றிய குறிப்பு அவற்றுள் ஒன்றில் உளது. வீழ்ந்தவன் இன்னான் என்று பின்வருவார் அறிதல் வேண்டும் என்னும் வேட்கை அத்துணைப் பழமையானது.

ஆனால், அக்கல் எல்லார்க்கும் நின்றதோ? வீரனுக்கு நின்றது. அதே ஊரில் நெல் குற்றியவளுக்கும், கன்று மேய்த்தவனுக்கும், பிறந்த அன்றே கண்மூடிய மகவுக்கும் நிற்கவில்லை. புகழ் உடையார் பெயர் கல்லில் ஏறிற்று; ஏனையோர் பெயர் மண்ணோடு மண்ணாயிற்று. இக்குறையை நீக்கவல்லது இக்காலத்து இறப்புப் பதிவேடு. பெயர், வயது, இறந்த நாள், இறந்த இடம் ஆகியவற்றை அது கேட்கும். இவர் பெருமை யாது என்று கேளாது. மாடத்தில் இறந்தார்க்கும் மரத்தடியில் இறந்தார்க்கும் ஒத்த இடமே அதில் உண்டு. மக்கள் யாவரும் நிகர் என்று மேடையில் முழங்குகின்றோம். அந்நிகர்மையை நாள்தோறும் செயலில் காட்டும் புத்தகம் இஃதொன்று.

இதற்கெனச் சட்டம் இல்லாமல் இல்லை. பழைய சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டிலேயே பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஊர்ப்புறங்களில் கிராம முன்சீப்பு அக்கணக்கை எழுதிவந்தார். இக்காலத்தில் கிராம நிர்வாக அலுவலர் அப்பணியை ஆற்றுகின்றார். இந்தியா முழுமைக்கும் பொதுவான சட்டம் 1969ஆம் ஆண்டில் தோன்றியது. 2023ஆம் ஆண்டில் அது திருத்தம் பெற்று, அத்திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டப்படி, இறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் அதனைப் பதிவாளர்க்கு அறிவித்தல் வேண்டும். வீட்டில் நிகழ்ந்தால் குடும்பத் தலைவரும், மருத்துவமனையில் நிகழ்ந்தால் அதன் பொறுப்பு மருத்துவரும், விடுதியிலோ சத்திரத்திலோ நிகழ்ந்தால் அதனை நடத்துபவரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். பொதுவிடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த உடலுக்கும் சட்டம் வழி வகுத்திருக்கின்றது: ஊர் அலுவலரும் காவல் நிலையப் பொறுப்பாளரும் அறிவித்தல் வேண்டும். எவர்க்கும் உறவில்லாதாரும் ஏட்டிலிருந்து விடுபடலாகாது என்பது சட்டத்தின் கருத்து.

ஈண்டு மாணவர் அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இறந்தவர் எவ்வூரினர் என்பதன்று, எவ்வூரில் இறந்தார் என்பதே இக்கணக்கு. திருநெல்வேலிச் சீமையினர் ஒருவர் கோயம்புத்தூரில் இறந்தால் கோயம்புத்தூரிலேயே பதிவு நடைபெறும். உடலை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தபின், ஊர்ப் பதிவாளரிடம் சென்று வெறுங்கையோடு திரும்புவோர் பலர். பிழைப்பு நாடி வெளியூர் செல்வோர் பெருகியுள்ள இந்நாளில் இதனை எல்லாரும் அறிந்திருத்தல் நலம்.

21 நாள் கடந்தால் வழி அடைபட்டுவிடுவதில்லை, ஆனால் நீண்டுவிடுகின்றது. 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு போம். ஓராண்டுக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்து இசைவு வேண்டும். ஓராண்டும் கடந்துவிட்டாலோ, மாவட்ட நடுவரோ கோட்ட நடுவரோ அவரால் அதிகாரம் பெற்ற நிர்வாக நடுவரோ உண்மையை ஆய்ந்து ஆணையிட்ட பின்னரே பதிவு செய்ய இயலும். முதல் மூன்று வாரத்தில் ஒரு நடையில் முடிவது, ஓராண்டு கழிந்தபின் எத்தனை நடை என்று எண்ண இயலாததாகி விடுகின்றது.

இனி, ஏட்டில் ஏறாமல் நின்றுவிடுவோர் யாவர் என்று பார்ப்போம். 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் பதிவான இறப்புகள் ஏறத்தாழ 81.2 இலட்சம். அவற்றுள் ஆடவர் நூற்றுக்கு 60.2 விழுக்காடு, பெண்டிர் 39.8 விழுக்காடு. ஆடவர் இறப்பு இயற்கையிலேயே சற்று மிகுதி என்று கொண்டாலும், இத்துணைப் பெரிய வேற்றுமை இயற்கையால் மட்டும் வந்ததென்று கொள்வதற்கில்லை. காரணம் யாவர்க்கும் எளிதில் விளங்கும். வீட்டுப் பட்டா ஆடவன் பெயரில். வங்கிக் கணக்கு ஆடவன் பெயரில். ஆயுள் காப்புறுதி ஆடவன் பெயரில். அவன் இறந்தால் சான்றிதழ் இன்றி ஒன்றும் அசையாது, ஆதலின் பதிகின்றோம். கிழவி இறந்தால் அசையவேண்டியது ஒன்றுமில்லை, ஆதலின் விடுகின்றோம். ஐம்பது ஆண்டு ஒரு குடும்பத்தின் அடுப்பை அணையாமற் காத்தவள், தன் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லாத காரணத்தால், இறந்ததற்குக்கூட அடையாளம் இல்லாமற் போகின்றாள். இதனினும் பெரிய நன்றியின்மை வேறு யாது?

குழந்தைகள் நிலையும் இத்தகையதே. பிறந்து சில மணி நேரத்தில் இறந்த மகவுக்கு இரண்டு பதிவுகள் வேண்டும்: பிறந்தது ஒன்று, இறந்தது ஒன்று. பெயரிடாத குழந்தைக்கு ஏடு எதற்கு என்று முதியோர் சொல்லித் தாயின் வாயை அடைத்துவிடுவர். ஆயின், ஓர் ஊரில் ஓராண்டில் எத்தனை குழந்தைகள் இறந்தன என்பதை அறியாத அரசு, அவ்வூருக்கு மருத்துவத் தாதியை அனுப்பவேண்டும் என்பதை எவ்வாறு அறியும்? எழுதப்படாத ஒரு குழந்தையின் இறப்பு, இனிப் பிறக்கும் குழந்தைகளின் காவலையும் தளரச் செய்கின்றது.

ஏழைகட்கு இப்பதிவால் வருவதொன்றும் இல்லை என்று கூறுவாரும் உளர். எம் ஊரில் நிகழ்ந்தது ஒன்றைக் கூறுவேன். கொத்தனாரிடம் கையாளாய் வேலைசெய்த ஒருவர் காமாலை கண்டு வீட்டிலேயே இறந்தார். நிலமில்லை, பணமில்லை, ஆதலின் பதிவு செய்வாரும் இல்லை. ஓராண்டுக்கு மேலானபின், விதவையர்க்கு அரசு வழங்கும் உதவித்தொகை வேண்டி அவர் மனைவி விண்ணப்பிக்கச் சென்றார். கணவரின் இறப்புச் சான்றிதழ் எங்கே என்றார்கள். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். அங்கும் அதே வினா. இறந்த நாள் யாது என்றால், ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்பதே அவ்வம்மையார்க்குத் தெரிந்தது. முடிவில், இறந்தவரின் நண்பர்கள் அன்று தெருவில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் படம் ஒருவர் கைப்பேசியில் இருந்தது. அதனைக் கொண்டே நாளைத் துணிந்தார்கள். சுவரில் ஒட்ட நூறு தாள் அச்சிட்ட அன்பு, அலுவலகத்தில் ஒரு தாள் கொடுத்திருந்தால், அவ்வம்மையார் எத்தனையோ நாட்கூலியை இழந்திரார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. இந்த ஏட்டில் ஏறாத பெயரோ, வீட்டில் உலை ஏறுவதையே தடுத்துவிட்டது.

இஃது ஒரு குடும்பத்தின் நலத்தோடு நிற்பதன்று. நாட்டின் நலமும் இதனைச் சார்ந்தது. இங்கிலாந்தில் அரசின் இறப்புப் பதிவு 1837ஆம் ஆண்டில் தொடங்கியது. 1854இல் இலண்டனின் ஒரு பகுதியில் வாந்திபேதி பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் பதிவு அலுவலகத்தை அணுகி, அந்நோயால் இறந்தாரின் பட்டியலைப் பெற்றார். அவர்தம் வீடுகளைத் தேடிச் சென்று வினவினார். இறப்புகள் பெரும்பாலும் பிராட் தெருவின் நீரிறைக்கும் குழாயைச் சூழ்ந்திருந்தமை புலனாயிற்று. குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது. காற்றால் பரவுவதென்று பலரும் நம்பியிருந்த அந்நோய் நீரால் பரவுவது என்னும் உண்மை பின்னர் நிலைபெறுவதற்கு அவ்வாராய்ச்சி பெருந்துணையாயிற்று. இறந்தாரின் பெயரையும் வீட்டையும் எழுதிவைத்த எழுத்தர்கள் தம் எழுத்து உயிர் காக்கும் என்று கருதியிருப்பரோ?

எழுதாமையால் வருங் கேட்டை நம் நாட்டு வரலாறே காட்டுகின்றது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியதும், நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அஞ்சி நினைந்ததுமாகிய கொடும் பஞ்சத்தில் மாண்டவர் எத்துணையர் என்பதில் ஆராய்ச்சியாளர் இன்றும் ஒருமைப்படவில்லை. அவர்தம் கணக்குகள் இலட்சக்கணக்கில் வேறுபடுகின்றன. உணவு தேடி ஊர்விட்டு ஊர் சென்று வழியில் வீழ்ந்தாரை எவ்வூர் ஏட்டில் எழுதுவது? அண்மையிலும் இதுவே நிகழ்ந்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேற்பட நிகழ்ந்த இறப்புகள் ஏறத்தாழ 47 இலட்சம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் கணித்துக் கூறியது. இந்திய அரசு அக்கணிப்பு முறையை ஏற்கவில்லை. எவர் கூற்று மெய் என்று யான் தீர்ப்புரைக்கப் புகவில்லை. நாடு முழுதும் எல்லா இறப்பும் உரிய காலத்தில் பதிவாகியிருப்பின் இவ்வழக்குக்கு இடம் பெரிதும் குறைந்திருக்கும் என்பது மட்டும் தெளிவு. மாண்டாரை எண்ணவும் மதிப்பீட்டை நாடவேண்டிய நிலை ஒரு நாட்டுக்குப் பெருமை தருவதன்று.

எண்ணிக்கை மட்டும் போதாது, காரணமும் வேண்டும். 2020ஆம் ஆண்டில் பதிவான இறப்புகளுள், காரணம் இன்னதென மருத்துவர் சான்று பெற்றவை நூற்றுக்கு 22.5 விழுக்காடே. ஏனையோர் எந்நோயால் இறந்தனர் என்பது உறுதியாய்த் தெரியாது. மாரடைப்பு என்றும், முதுமை என்றும், காய்ச்சல் என்றும் வாய்க்கு வந்ததைச் சொல்லி முடித்துவிடுகின்றோம். காரணம் ஏட்டில் ஏறினால் குடும்பத்துக்கு இழுக்கு வருமோ என்று அஞ்சுவாரும் உளர். அவர்க்கு ஆறுதலாகச் சட்டமே ஒரு காப்பு வைத்திருக்கின்றது: எவர்க்கு வழங்கும் இறப்புச் சான்றிதழிலும் இறப்பின் காரணம் வெளியிடப்படலாகாது. அரசு அறியும், அயலார் அறியார்.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படும் இரண்டு கூற்றுகளை ஆராய்வோம். துயரத்தில் மூழ்கியவர்களை அலுவலக வாயிலில் நிறுத்துதல் இரக்கமற்ற செயல் என்பது ஒன்று. மேலே கூறிய வரம்பை நோக்குக. நம் நாட்டு வழக்கப்படி பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின்னும் ஐந்து நாட்கள் எஞ்சியிருக்கின்றன. காரியத்துக்கு வேண்டும் பண்டங்களுக்குப் பட்டியல் எழுதும்போது, அப்பட்டியலின் இறுதியில் 'பதிவு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். துயரம் மிக்க மனைவியோ மைந்தனோ முதல் நாளே ஓடவேண்டுவதில்லை.

அலுவலகங்கள் மக்களை அலைக்கழிக்கின்றன, கையூட்டு எதிர்பார்க்கின்றன என்பது மற்றொன்று. இக்கூற்றை யான் மறுக்கேன். நாளை வா என்னும் சொல்லைக் கேட்டுத் திரும்பியவர் எம் தெருவிலும் உளர். ஆயினும், சட்டம் அவ்வாறு கூறவில்லை என்பதை மக்கள் அறிதல் வேண்டும். காலத்தில் அறிவிக்கப்படும் இறப்பைப் பதிவாளர் கட்டணமோ கைம்மாறோ பெறாமல் எழுதுதல் வேண்டும். அறிவித்தவர்க்குச் சான்றிதழை விலையின்றி வழங்குதல் வேண்டும். அவ்வளவில் அமையாது, தம் எல்லைக்குள் நிகழும் ஒவ்வோர் இறப்பையும் தாமே முயன்று அறிந்துகொள்ளுதலும் அவர் கடமை என்று சட்டம் விதிக்கின்றது. மக்கள் அலுவலகத்தைத் தேடிச் செல்லவேண்டும் என்பது பாதி உண்மை. அலுவலகமும் மக்களைத் தேடி வரவேண்டும் என்பது மறு பாதி. இம்மறுபாதியை நாம் மறந்தமையால் அலுவலரும் மறந்தனர்.

நம் திருச்சபைகளைப் பற்றியும் ஒரு சொல். கிறிஸ்தவக் குடும்பங்களில் அடக்க ஆராதனை முடிந்ததும் ஆலயப் பதிவேட்டில் பெயர் எழுதப்படுகின்றது. அதுவே போதும் என்று பலர் கருதிவிடுகின்றனர். ஆலயப் பதிவேடு சபையின் நினைவு. அரசின் சான்று அன்று. இரண்டும் வேண்டும். கல்லறைத் தோட்டத்தையும் சுடுகாட்டையும் பராமரிப்போர் அங்கு வரும் இறப்புகளைப் பதிவாளர்க்குத் தெரிவிக்கவேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. குழி வெட்டுமுன் குடும்பத்தாரிடம் பெயரும் வயதும் கேட்கும் சபைப் பணியாளர், பதிவு செய்யவேண்டும் என்பதையும் நினைவூட்டினால் எத்துணை நன்மை! கோயில் சார்ந்த ஊர்க் கூட்டத்தாரும் ஜமாஅத்தாரும் இவ்வாறே செய்யலாம்.

மாணவ நண்பர்காள்! தமிழ்ச் சிறப்பு வகுப்பில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் நாம் நிகழ்த்தும் போரை ஏனைய வகுப்பினர் நகையாடுவதுண்டு. ஆனால் பதிவேட்டில் ஓர் எழுத்து மாறினால் விளைவு யாது? குடும்ப அட்டையில் 'இராமாயி', வாக்காளர் பட்டியலில் 'ராமாயி', இறப்புச் சான்றிதழில் 'ராமாய்' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அவர் மக்கள் எத்தனை வாயில் ஏறவேண்டும்! ஆதலின் எழுதப் படிக்கத் தெரிந்த நாம் இதில் செய்யக்கூடியது மிகுதி. நம் தெருவில் ஓர் இறப்பு நேர்ந்தால், மூன்றாம் நாள் அவ்வீட்டுக்குச் சென்று, இறந்தவரின் அட்டையை வாங்கிப் பார்த்து, பெயரையும் நாளையும் பிழையின்றிப் படிவத்தில் எழுதிக்கொடுத்து, உடன்சென்று வருவோம். நாட்டுநலப் பணித் திட்டத்தின் சிறப்பு முகாம்களில் மரம் நடுகின்றோம், தெருக் கூட்டுகின்றோம்; அவற்றோடு, அவ்வூரில் சென்ற ஓராண்டில் இறந்து ஏட்டில் ஏறாதவர் யாவர் என்று வீடுதோறும் கேட்டு வருவதும் நம் பணியாகட்டும். ஓராண்டு எல்லை கடக்குமுன் ஒருவர் பெயரை எழுதச் செய்தாலும் அம்முகாம் பயனுடையதே.

பணிக்கு வரிசை ஒன்றும் கூறிவிடுகின்றேன். நிலம் உடையார் வீட்டுக்கு நாம் செல்லவேண்டுவதில்லை. அவர் மக்கள் தாமே விரைந்து செல்வர். பிள்ளையற்ற முதியவள், பெயரிடப்படாத குழந்தை, வெளிமாநிலத்திலிருந்து வந்து கட்டடப் பணியில் உயிர்விட்ட தொழிலாளி, சாலையோரத்தில் உறங்கியவன் ஆகிய இவர்கள் பொருட்டே நாம் செல்லவேண்டும். இவர்களுக்குக் கல் நடுவார் இல்லை. சுவரொட்டி ஒட்டுவார் இல்லை. இவர்களும் இந்நாட்டில் வாழ்ந்தார்கள் என்று சொல்ல ஏட்டில் ஒரு வரியேனும் இருத்தல் வேண்டும். அவ்வரியை எழுதச் செய்தற்கு நமக்கு ஆகும் செலவு ஒரு முற்பகல்.